நூற்றுப் பன்னிரண்டு விழுக்காடு

கனடாவில் நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில், ஐம்பதில் பாதி எவ்வளவு என்று கேட்டால் பிள்ளைகள் கைப்பேசியைத் தேடுகிறார்கள். நான்கு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. என் பாடத்துக்கு 'குவான்டிடேட்டிவ் ரீசனிங்' என்று வாய் நிறையப் பெயர். ஓர் எண்ணைப் பார்த்ததும் இது நடக்கிற காரியமா என்று யோசிக்கச் சொல்லிக்கொடுப்பது, அவ்வளவுதான். கோடை விடுமுறைக்கு முந்தைய வகுப்பில், எதிரே நிற்கும் ஐந்து மாடி விடுதியின் உயரத்தைக் குத்துமதிப்பாகக் கேட்டேன். கைல் என்ற மாணவன் நானூறு மீட்டர் என்று எழுதினான். ஜன்னலைக் காட்டி, இது உனக்குச் சரியாகப் படுகிறதா என்றேன். அவன் மனநிலையை நான் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டான். தன் விடையில் தனக்கு முழு நம்பிக்கை இருக்கிறதாம். அக்கறையாகக் கேட்டதற்கு நன்றி வேறு. இங்கே தலையில் அடித்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகள் கணக்கில் புலி என்று இவர்களிடம் எத்தனை முறை பீற்றியிருக்கிறேன்! அந்த விடுமுறையில் காரைக்குடிக்கு வந்தபோது, பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு வாரம் இதே பாடத்தை எடுக்கக் கூப்பிட்டார்கள். மார்தட்டிக்கொண்டு போனேன். புதுவயல் ஆலையிலிருந்து வரும் இருபத்தைந்து கிலோ மூட்டையில் எத்தனை அரிசி இருக்கும் என்று பலகையில் போட்டுக் காட்டினேன். கிராமுக்கு ஐம்பது அரிசி என்று வைத்துக்கொண்டு, பெருக்கி, ஒன்றேகால் லட்சம் என்று முடித்தேன். கடைசி நாள் அதே கேள்வியைத் தேர்வில் கொடுத்து, அவரவர் வழியில் யோசித்து எழுதுங்கள் என்றேன்.

நாற்பது தாளிலும் ஒன்றேகால் லட்சம். பலகையில் நான் அடித்துத் திருத்திய இடத்தில் அவர்களும் அடித்துத் திருத்தியிருந்தார்கள். தாள்களை அங்கேயே உட்கார்ந்து திருத்தும்போதுதான் கவனித்தேன்: வரவேண்டியது பன்னிரண்டரை லட்சம். தப்பு என்னுடையது. முத்துலட்சுமி என்ற பெண்ணின் அப்பா புதுவயலில் அரிசி லாரி ஓட்டுகிறார். அவளாவது பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"ஒரு சைபர் விட்டுப்போச்சுன்னு அன்னைக்கே தெரியும் சார். நீங்க போட்டீக. அத நாங்க எப்படி மாத்தி எழுதுறது?"

மொத்த வகுப்பும் தலையாட்டியது. முதுகெலும்பு இல்லாத கூட்டம் என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

என் வேலை வருடாவருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை. கையெழுத்துப் போடவேண்டியவர் துறைத்தலைவி. அவர் போடாவிட்டால் வேலை அனுமதி போய்விடும்; மனைவி, மகளோடு பெட்டி கட்டவேண்டியதுதான். நான் திரும்பி வந்த வாரம், துறைக் கூட்டத்தில் அவர் மாணவர் தேர்ச்சி பற்றிய ஒரு படத்தைத் திரையில் போட்டார். தேறியவர், தவறியவர், பாதியில் விலகியவர் என்று மூன்று விழுக்காடு. பழக்கதோஷத்தில் மனதுக்குள் கூட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு.

கேள்வி ஏதாவது உண்டா என்று என்னைப் பார்த்தே கேட்டார். கைலாக இருந்தால் தப்பாகவாவது ஏதாவது சொல்லியிருப்பான். நான் மிகத் தெளிவாக இருக்கிறது என்றேன். பிறகு குறிப்பேட்டைத் திறந்தேன். உடம்பு கனடாவில் உட்கார்ந்திருந்தது. கை மட்டும் காரைக்குடி வகுப்பில், முத்துலட்சுமிக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்துகொண்டு, அந்த மூன்று எண்களையும் அப்படியே பார்த்து எழுதியது.