பதினேழாம் விடயத்துக்கு எதிர்ப்பு இல்லை

கொட்டாஞ்சேனை கிளறன்ஸுக்குக் குரல் வாய்த்த அளவுக்கு எதிர்த்துப் பேசும் வாய் வாய்க்கவில்லை. ஞாயிறு பூசையில் அவர் வாசகம் வாசித்தால் பின்வரிசை வாங்கில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். பிழைப்பும் அந்தக் குரலால்தான். இருபத்தாறு வருடங்களாக மாநகர சபைக் கூட்டங்களில் உறுப்பினர்களின் சிங்களப் பேச்சை உடனுக்குடன் தமிழில் சொல்லிவருகிறார்.

அந்த வேலைக்கு ஒரு கட்டளை உண்டு. உறுப்பினர் "நான்" என்றால் இவரும் "நான்" என்றே சொல்லவேண்டும். சொந்தமாக ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இப்படிக் கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே கிளறன்ஸ் எத்தனையோ வரிகளை விதித்திருக்கிறார், எத்தனையோ கடைகளை மூடியிருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை. தமிழ் உறுப்பினர்களுக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் கேட்பதற்கென்று வைத்த காதுக்கருவிகள் மேசையில் சும்மா கிடக்கும்.

போன மாதக் கூட்டத்தில் பதினேழாவது விடயமாகக் கழிவுநீர்க் கானை அகலமாக்கும் வேலை வந்தது. கான்கரையில் அனுமதியில்லாமல் கட்டிய ஒன்பது வீடுகளை உடைக்கவேண்டும். அதில் நாலாவது, அவருடைய அக்கா பேர்ணடெற்றின் வீடு. தாய் செத்தபிறகு கிளறன்ஸைப் படிப்பித்து ஆளாக்கியவள் அவள். புருஷன் எட்வேட் பாரிசவாதம் வந்து அந்த வீட்டில்தான் கட்டிலோடு கிடக்கிறார்.

"நீ உள்ளுக்கு இருக்கிறாய்தானே தம்பி. ஒரு சொல்லு சொல்லேன்," என்றாள்.

"எனக்கு அங்க சொந்த வாய் இல்ல அக்கா. எங்கட வட்டார மெம்பரைப் பிடிப்பம்."

பிடித்தார்கள். மனுவைக் கிளறன்ஸே சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். தான் எழும்பி எதிர்ப்புச் சொன்னால் விடயம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும், கட்டாயம் சொல்கிறேன் என்றார் மெம்பர். அக்கா அதை நம்பி, பூசைக்கு உடுக்கும் சேலையை உடுத்துக்கொண்டு பார்வையாளர் மாடத்துக்கு வந்துவிட்டாள். கடைத்தெருச் சிங்களம் அவளுக்குத் தெரியும். சபைச் சிங்களம் விளங்காது. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் இருந்த தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

பதினைந்து, குப்பை லொறிகளுக்கு டயர். பதினாறு, மயானச் சுவருக்கு வெள்ளையடிப்பு. பதினேழு வந்ததும் கிளறன்ஸ் மாடத்தைப் பார்க்காமல் ஒலிவாங்கியிடம் குனிந்தார்.

"நான் முன்மொழிகிறேன்," என்றார். "நான் ஆமோதிக்கிறேன்," என்றார். "எதிர்ப்பு உண்டா?" என்று கேட்டதும் அவரே.

மெம்பர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்த அந்தத் தலை நிமிரட்டும் மாதாவே என்று கிளறன்ஸ் மனதுக்குள் மன்றாடினார். அது நிமிரவில்லை.

"எதிர்ப்பு இல்லை. நிறைவேறியது. பதினெட்டு."

முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாழாய்ப்போன பழக்கம், பதினெட்டிலிருந்து முப்பத்தொன்று வரைக்கும் ஒரு பிழையில்லாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அக்கா படியடியில் நின்றாள். அவள் அழவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோகலாமா என்று சொல்ல வாயெடுத்தவருக்கு வெட்கமாக இருந்தது.

"மெம்பர் எழும்பிச் சொல்லியிருந்தா, அதையும் நீதானே தம்பி தமிழில சொல்லியிருப்பாய்?"

"ஓம் அக்கா."

"அந்தக் கருவியக் காதில போட்டிருந்தது நான் மட்டுந்தானே?"

"ஓம்."

"அப்ப சும்மாவாவது சொல்லியிருக்கலாமேடா, எதிர்ப்பு இருக்கெண்டு. எனக்கு மட்டுந்தானே கேட்டிருக்கும்."