கூட்டாளிக்கு என்று வாங்கிய குளிசை

போன வருடம், நோன்பு தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இது நடந்தது. கட்டுகஸ்தோட்டையில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. பிரஷர், சீனி இரண்டும் உண்டு. அதற்கு முந்திய வருடம் நெஞ்சு வலித்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அன்றிலிருந்து மாதாமாதம் கிளினிக். திடீரென்று வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி ஒரு சின்னக் குளிசையும் தந்திருந்தார்கள். அதற்குத் தேவை வரவேயில்லை. மனைவிதான் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

எனக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. சுவரில் 'ஆண்மைக் குறைவு' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் ஒட்டுவார்களே, அதுதான். நெஞ்சு வலிக்கு இரண்டு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. கிளினிக்கில் வாய் திறக்கலாம் என்றால், வரிசையில் பாதிப்பேர் என் கடைக்கு வருகிறவர்கள். மனைவியிடமும் சொல்லவில்லை. களைப்பு, தலையிடி என்று எதையாவது சொல்லித் திரும்பிப் படுத்துவிடுவேன். ஊரில் மருந்து வாங்கவும் வழியில்லை. பார்மசி வைத்திருப்பவன் என் மனைவியின் தம்பி!

அதனால் சாமான் கொடுக்கப் போவதாகக் கடையில் பொய் சொல்லிவிட்டு, பல்லேகலைப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு பார்மசிக்குப் போனேன். டொக்டர் மருந்து எழுதிக் கொடுத்த துண்டு இல்லாமல் தர முடியாது என்று அங்கிருந்தவர் இழுத்தார். கூட்டாளிக்கு என்று சொல்லிக் கெஞ்சினேன்.

"கூட்டாளிக்கு இருதய வருத்தம் இருக்கா? நாக்குக்குக் கீழ குளிசை வைக்கிறவரா? ரெண்டும் சேர்ந்தா பிரஷர் ஒரேயடியா விழுந்து ஆள் முடிஞ்சிரும்."

"சேச்சே, அவருக்கு ஒண்ணும் இல்ல. நல்ல திடகாத்திரமான ஆள்" என்றேன். இல்லாத கூட்டாளிக்கு நல்ல சுகத்தைக் கொடுத்துவிட்டு, குளிசையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வரும் வழியில் அந்தத் திடகாத்திரமான ஆள் நான்தான் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. எத்தனை பெரிய மடையன் நான்!

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அக்குறணைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மனைவி கால் வலி என்று வீட்டில் நின்றாள். பத்து மணிக்குக் குளிசையைப் போட்டேன். அதன்பிறகு ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், கதிரையை இழுத்துப் போட்டேன். "என்ன, புது மாப்பிள மாதிரி நடக்கிறீங்க?" என்று அவள் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கீழே தெருவில் கேஸ் லொறி வந்தது. எங்கள் வீட்டுக்கு நாற்பது படி ஏற வேண்டும். வழக்கமாக லொறிக்காரர்தான் சிலிண்டரைத் தூக்கி வருவார். அன்றைக்கு என்ன வீரமோ, நானே தோளில் ஏற்றிக்கொண்டேன்.

மேல் படிக்கு வந்ததும் நெஞ்சை யாரோ கையால் பிசைவது போல இருந்தது. வியர்த்துக் கொட்டியது. அப்படியே வாசலில் உட்கார்ந்தேன். மனைவி அந்தச் சின்னக் குளிசையோடு ஓடி வந்தாள்.

"வாயத் தொறங்க! நாக்க ஒசத்துங்க!"

பார்மசிக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டேன். "அல்லாஹ்வே, பல்லு கட்டிக்கிச்சே!" என்று அலறியபடி என் தாடையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தாள். ஒரு கணம், சொல்லாமல் செத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கம் அவ்வளவு பொல்லாதது.

அவள் கையைத் தள்ளிவிட்டு, "வாணாம். வேற ஒரு குளிச போட்டிருக்கன்" என்றேன்.

"என்ன குளிச?"

சட்டைப் பையிலிருந்த குளிசை அட்டையை எடுத்துக் கொடுத்து, "பத்து மணிக்கு" என்றேன். அட்டையையும் என் முகத்தையும் பார்த்தாள். புரிந்துகொண்டாள். அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு த்ரீவீலைக் கூப்பிட ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், இன்றைக்கு என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். பிரஷருக்கு, சீனிக்கு என்று சொல்லிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டேன். தாதி நாக்குக்கு அடியில் வைக்கிற அதே குளிசையோடு வந்துகொண்டிருந்தார். மனைவி முன்னால் வந்து, காலையில் நான் எதை, எத்தனை மணிக்குப் போட்டேன் என்று எல்லோர் முன்னாலும் கூச்சமே இல்லாமல் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் உடனே தாதியைத் தடுத்து, வேறு மருந்து கொடுக்கச் சொன்னார்.

அடுத்த நாள் அவரே கட்டில் அருகே வந்து நிதானமாகப் பேசினார். இருதயக் குழாய்களைக் கெடுக்கும் நோய்தான் பல பேருக்கு ஆண்மையையும் கெடுக்கிறது, சிலருக்கு அந்தக் குறை இருதய வருத்தத்துக்கு முன்பே எச்சரிக்கையாக வருகிறது என்றார். முதலிலேயே சொல்லியிருந்தால் நெஞ்சு வலி வருவதற்குள் சோதித்திருக்கலாமாம். வைத்தியமும் இருக்கிறது. ஆனால் இருதயம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். கிளினிக்கில் கேட்க வேண்டிய சாதாரணக் கேள்விதானாம்.

அவர் போனபிறகு மனைவி எனக்குக் கஞ்சி ஊட்டினாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். கடைசியில், குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "இந்த மூணு வருஷமா, என்னய உங்களுக்குப் புடிக்காமப் போயிட்டுதுன்னு நெனச்சிக்கிட்டு ஈந்தேன்."

இப்போது முறையான வைத்தியத்தில் நன்றாகவே இருக்கிறேன். ஆனால் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளை மூன்று வருடம் அப்படி நினைக்க விட்டிருக்கிறேனே என்பது, உயிர் தப்பிய சந்தோஷத்தையும் மீறி இன்றும் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.