அம்மா தூங்கும் நேரம்

அந்த நர்ஸ் பத்து ஆண்டுகளாக இரவு வேலை பார்த்தாள். பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டுத் தூங்குவாள். எழுந்திருக்க முடியாத நோயாளிகள் அவள் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அவள் பார்த்த வார்டில் ஒருவருக்கும் புண் வந்ததில்லை.

கணவனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் அவளும் எட்டு வயது மகளும்தான். மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து வரும் பெண், அம்மா எழும் ஆறு மணி வரை இருக்கும் இடம் தெரியாது. குழாயைக்கூட நூல் போலத்தான் திறப்பாள். பக்கத்து வீடுகளில் அவளைக் காட்டித் தங்கள் பிள்ளைகளை ஏசினார்கள். தாய்க்கு உள்ளூரப் பெருமை. சத்தமில்லாத குழந்தையை நல்ல குழந்தை என்பது பெரியவர்களின் வசதி.

மூன்று வருடங்களுக்கு முன் மகள் கட்டிலிலிருந்து குதித்துக் குதித்து அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தாள். அன்றிரவு நர்ஸ் ஒரு ஊசியை ஆள் மாற்றிப் போட இருந்தாள். கடைசி நொடியில்தான் கை நின்றது. காலையில் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குழந்தையிடம் சொன்னாள்: "நீ குதிச்ச குதியில ஒரு உயிரே போயிருக்கும்." பிறகு அதை மறந்தும்விட்டாள்.

இந்த வருடம் மகளின் விளையாட்டு வாத்தியார் நர்ஸைப் பள்ளிக்கு வரச் சொன்னார். "உங்க பொண்ணால ஒரு தொந்தரவும் இல்லைங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்," என்றார். சாதுவான பிள்ளைமேல் புகார் வாசிக்கும் முதல் வாத்தியார் நீங்கள்தான் என்று அவள் கிண்டல் செய்தாள். அவர் சிரிக்கவில்லை, மைதானத்தைக் காட்டினார். விசில் ஊதியதும் பிள்ளைகள் கூச்சலோடு பாய்ந்தார்கள். மகள் மட்டும் நுனிக்காலில், மூச்சை அடக்கிக்கொண்டு, கடைசியாக ஓடிவந்தாள். ஏன் இப்படி ஓடுகிறாய் என்று கேட்டபோது அவள் சொன்னதை வாத்தியார் அப்படியே சொன்னார்:

"அம்மா தூங்கலைன்னா யாராவது செத்துப்போயிடுவாங்க சார்."

நர்ஸ் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நோயாளிகளை மணி தவறாமல் புரட்டியவள், சொந்தப் பிள்ளையை மூன்று வருடம் ஒரே பக்கமாகக் கிடத்தியிருந்தாள்.

மறுநாள் மூன்றரைக்கே எழுந்து, புதுக் கயிறு ஒன்றோடு மகளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். "அன்னிக்குத் தப்பு என் கை மேலதான். உன் கால் மேல இல்ல. அம்மா தப்பாச் சொல்லிட்டேன்," என்றாள். பெண் நம்பவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது தூங்குகிறார்களா என்று கேட்டாள். தாய் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே கயிறு தாண்டினாள். மூன்றாவது குதியில் கயிறு காலில் சுற்றிக்கொண்டது. பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தம் வரவில்லை.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. நர்ஸ் பகல் வேலை கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அசதியில் எழ முடியாத நாட்களில் பெண் தனியாகவே மாடிக்குப் போகத் தொடங்கினாள். முதலில் காதில் விழாத அளவுக்குத்தான் குதித்தாள். வாரங்கள் போகப் போக, தலைக்கு மேலே தொம் தொம்மென்று கேட்டது. நர்ஸ் அதிலேயே தூங்கப் பழகினாள்.

ஒருநாள் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் விழித்துக்கொண்டு படியேறி ஓடினாள். பெண் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பிட்டேனாம்மா?"

"ஏன் நிறுத்தின?"

"முடிச்சு விழுந்துடுச்சு."

நர்ஸ் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கீழே வந்து படுத்தாள். மேலே மறுபடி கால் விழும் சத்தம் கேட்கும்வரை கண்ணை மூடவில்லை.