ஆயுத பூசைக் கயிறு

ஜெபாக்காவிடம் கயிறு கேட்டால் சும்மா வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. முதலில் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தண்ணீரில் நனையுமா? வெயிலில் கிடக்குமா? வெடுக்கென்று இழுபடுமா, இல்லை ஒரே சீராகத் தொங்குமா? கீழே யார் நிற்பார்கள்? துணி காயப்போடக் கயிறு கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரியிடம்கூட இந்த நாலாவது கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

"துணிக்குக் கீழ நாந்தான் நிப்பேன், வேற யாரு வந்து நிக்கப்போறாங்க?" என்று அந்தப் பெண் எரிந்து விழுந்தாள்.

"அப்ப நல்ல கவுறாவே தரேன்" என்றாள் ஜெபாக்கா.

என் பெயர் சுமலதா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கயிறு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். ஜெபாக்கா அங்கேயே டெஸ்டிங்கில். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிதான். பதினாறு வருடமாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே லேபிள் ஒட்டுகிறேன். அவளுக்கு நேர்ந்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நல்ல பங்கு இல்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜெபாக்காவுக்கு நாற்பத்தாறு வயது. வீடு கவரைப்பேட்டையில். புருஷன் ஜெரால்ட் இரும்பு ஆலையில் ஷிப்ட் வேலை, மகள் ஷைனி நர்சிங் படிக்கிறாள். அப்பா அம்மா ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் எட்டாம் வகுப்போடு நின்று, கம்பெனிக்குத் துடைப்பம் பிடிக்க வந்தாள். தரையில் கிடந்த நூல் பிசிறை விரலால் தடவியே, இது நைலான், இது பாலியஸ்டர் என்று தனித்தனியாகக் கூட்டி வைப்பாளாம். அதைக் கவனித்த ஒரு சூப்பர்வைசர் அவளை இழுவை மெஷினில் உட்கார வைத்தார். மெஷின் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்து இழுக்கும். எத்தனை கிலோவில் அறுந்தது என்று சீட்டு அடித்துத் தரும். ஒரு நாளைக்கு நாற்பது கயிற்றை அறுத்துவிட்டு, சாயங்காலம் ஒன்றும் நடக்காதவள் மாதிரி ரயிலேறிப் போவாள்.

வாயைத் திறந்தால் கயிறுதான். "நங்கூரத்துக்கு நைலான் போடு. கொஞ்சம் நீண்டு குடுக்கும், அலை வெடுக்குன்னு இழுத்தாலும் தாங்கும். பாய் ஏத்தறதுக்கு அதே நைலான போட்டுக்கினு வந்து எங்கிட்ட அழுவாத, ஏத்தன பாய் தொங்கிப்பூடும். அதுக்கு நீளாத பாலியஸ்டர் வேணும். தண்ணி மேல மெதக்கணுமா, பி.பி. பிளாஸ்டிக் கவுறு போடு. ஆனா பி.பி.க்கு வெயிலு ஆவாது. மருந்து கலந்துகீதான்னு கேட்டு வாங்கு." கேட்கிறவன் படகுக்காரனோ, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவனோ, வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். அவள் தெருவில் மாட்டுக் கயிறு முதல் கிணற்றுக் கயிறு வரை அவள் கொடுத்ததுதான். ஜெபா கயிறு அறாது என்று ஒரு பேச்சே உண்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, எங்களைப் போன்றவர்களுக்குப் பெருமைப்பட வேறு என்ன கொட்டிக் கிடக்கிறது?

பூசைக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுத பூசைக்கு மெஷின்களையெல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்போம். அதற்கு முந்தின நாள், பி.பி. பிளாஸ்டிக் குருணை கொட்டும் பெரிய தொட்டியைக் காலி செய்தாக வேண்டும். அடியில் தங்கிய பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எல்லாக் குருணையையும் ஒன்றாக, வெயில் மருந்து எதுவும் சேர்க்காமல் ஓடவிட்டுக் கயிறாக்கிவிடுவார்கள். பார்க்கப் பட்டுச் சேலை பார்டர் மாதிரி பளபளவென்று இருக்கும். அதைச் சந்தனம் தொட்டுப் பூசையில் வைத்து, பொரி கடலையோடு ஆளுக்கொரு சுருள் தருவார்கள். அந்தக் கயிற்றுக்கு மட்டும் டெஸ்டிங் கிடையாது. பூசையில் வைத்ததை மெஷினில் மாட்டி அறுப்பதா என்று யாரும் அறுப்பதில்லை. வேதக்காரியான ஜெபாக்காவும் அந்த வழக்கத்தை மீறியதில்லை. வீட்டுக்குள்ளே பெட்டி, மூட்டை கட்ட வைத்துக்கொள், வெளியே போடாதே என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறவளே அவள்தான்.

அவள் தங்கை ஜெனிபரைப் பழவேற்காட்டில் கொடுத்திருக்கிறார்கள். ஜெனிபரின் புருஷன் அன்பு, தன் அண்ணன் சின்னதுரையோடு ஒரே படகில் ஏரியில் தொழில் செய்தான். இன்ஜின் இருக்கிறது. காற்று வாகாக வந்தால் டீசலை மிச்சம் பிடிக்கப் பாய் ஏற்றுவார்கள். 2023 ஆகஸ்டில், பாயை ஏற்றிப் பிடிக்கிற கயிறு நைந்துவிட்டது, நல்லதாக ஒன்று வேண்டும் என்று ஜெபாக்காவிடம் கேட்டான். ஸ்டோரில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் பாலியஸ்டர் மீதிச் சுருள் கிடைக்கும். அவ்வளவுதான் வேலை. அவள் மறந்தாள். செப்டம்பரில் மறுபடி கேட்டான். மறுபடியும் மறந்தாள்.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் கழித்து, பொன்னேரிக்கு வேலையாக வந்தவன் நேரே கவரைப்பேட்டை வீட்டுக்கே வந்துவிட்டான். அவனுக்கு நாஷ்டா வைக்கும்போதே அவளுக்கு முகம் செத்துவிட்டது. ஊருக்கெல்லாம் கயிறு கொடுக்கிறவள், சொந்தத் தங்கை புருஷனிடம் மறந்துவிட்டேன் என்று மூன்றாம் தடவையாக எப்படிச் சொல்வாள்? ஃபிரிட்ஜ் மேல் பூசைக் கயிறு பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"இதுவா அண்ணி? சூப்பரா கீதே" என்றான் அன்பு.

"ம். இது ஸ்பெஷலு. கண்ண மூடிக்கினு கட்டு" என்றாள்.

அந்த நாலு கேள்வியில் ஒன்றைக்கூட அன்றைக்கு அவள் கேட்கவில்லை. கேட்டால் தானே பதில் சொல்ல வேண்டியிருக்குமே. கிறிஸ்துமஸுக்குள் நல்ல கயிறாக மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாளாம். கிறிஸ்துமஸ் வந்து போனது. கயிறு அருமையாக இருக்கிறது என்று அன்பு போனில் சொன்னான். சரி, கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

2024 ஜூலையில் ஒரு மத்தியானம், ஏரி நடுவில் பாய் கட்டிய மூங்கில் அப்படியே சரிந்து கீழே உட்கார்ந்திருந்த சின்னதுரையின் தோளில் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மூங்கிலில் முடிச்சுப் போட்டிருந்த இடத்தில்தான் கயிறு விட்டிருந்தது. முடிச்சோடு இருந்த துண்டு மூங்கிலிலிருந்து நழுவி ஏரிக்குள் போய்விட, மிச்சக் கயிறு முழுசாக இருப்பதைப் பார்த்தவர்கள் முடிச்சுதான் அவிழ்ந்துவிட்டது என்றார்கள். முடிச்சுப் போட்டவன் அன்பு. முதல் நாள் அவன் ஒரு கல்யாண வீட்டில் குடித்திருந்தான். ஊருக்கு அது போதாதா?

ஆஸ்பத்திரிக்கு ஜெபாக்கா போனபோது அன்பு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான்.

"உன் கவுறு பேர கெடுத்துட்டேன் அண்ணி. அது அறாது. நாந்தான் முடிச்ச ஒழுங்கா போடல" என்றான்.

அவள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

முடிச்சு போடத் தெரியாதவன் என் படகில் வேண்டாம் என்று சின்னதுரை சொல்லிவிட்டார். தோள் ஆறும் வரை வேறு ஆட்களை வைத்துப் படகை ஓட்டினார். அன்பு கரையில் ஐஸ் பெட்டி தூக்கப் போனான்.

ஆகஸ்டில் ஜெனிபர் வீட்டுக்குப் போனாள் ஜெபாக்கா. வாசலில் ஆடு கட்டியிருந்தது, அந்தப் பச்சை மஞ்சள் கயிற்றில். நிறம் வெளுத்திருந்தது. கையில் பிடித்ததும் உள்ளங்கையில் மாவு மாதிரி தூள் ஒட்டியது. முனை நறுக்கென்று குட்டை குட்டையாக ஒடிந்திருந்தது. அவிழ்ந்த கயிற்றின் முனை அப்படி இருக்காது. வெயில் தின்ற கயிறு, முடிச்சு நெரித்த இடத்தில் அற்றுப் போயிருக்கிறது. இருபத்தைந்து வருடம் கயிறு அறுத்தவளுக்கு இதற்கு மெஷினே வேண்டாம். ஆட்டுக்கு வேறு கயிறு கட்டிவிட்டு, இதைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். உள்ளே ஜன்னல் கம்பி பூராவும் சின்னச் சின்னக் கயிறாகக் கட்டித் தொங்கியதாம். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்தாளாம்.

மறுநாள் அவள் அதை மெஷினில் மாட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பூசைக் கயிறு மெஷின் ஏறியதை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். ஆயிரம் கிலோ தாங்க வேண்டியது நூற்றுப் பத்தில் பட்டென்று போனது. சீட்டைக் கிழித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கேன்டீனில் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள்.

"சின்னதொரைகிட்ட சொல்லிடட்டா சுமா?" என்றாள்.

இங்கேதான் என் பங்கு வருகிறது. போன பூசைக்கு எனக்குக் கொடுத்த சுருளை என் நாத்தனார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டக் கொடுத்திருந்தேன். அவள் வாய் திறந்தால் என்னையும் கேட்பார்கள். "வுட்டுடுக்கா. தோளு ஆறிப்பூடும். கம்பெனி காதுக்குப் போனா பேஜாரு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டாள். கொட்டகையில் இருந்த கயிற்றை மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டாரைக் காப்பாற்ற எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அதற்கப்புறம் ஜெபாக்கா யாருக்கும் கயிறு கொடுக்கவில்லை. கேட்டால் ஸ்டாக் இல்லை என்பாள். சர்ச்சில் எல்லோரும் திருவிருந்து அப்பம் வாங்க எழுந்து போகும்போது அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஷைனி என்னிடம் வருத்தப்பட்டாள். பாவத்தை மனசில் வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்பாள்; எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், சர்க்கரை ஏதாவது இருக்கும், செக் பண்ணு என்றேன்.

டிசம்பரில் ஜெனிபர் போன் செய்தாள். சின்னதுரைக்குத் தோள் ஆறிவிட்டது, புது வருடத்திலிருந்து அன்பு இடத்தில் ஒரு வெளியாளை நிரந்தரமாக வைக்கப்போகிறார் என்றாள். அப்படி வைத்துவிட்டால் அன்பு அந்தப் படகில் மறுபடி கால் வைக்க முடியாது. ஜெபாக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு வரியா?" என்றாள். எந்த முகத்தோடு மாட்டேன் என்பேன்?

பொன்னேரி வந்து பஸ் மாறிப் பழவேற்காட்டில் இறங்கினோம். வழி முழுக்க அவள் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். சின்னதுரை வீட்டு வாசலில் வலைக்கு மிதவை கோத்துக்கொண்டிருந்தார். வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. ஜெபாக்கா உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து கயிற்றையும் சீட்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, முடிச்சு அவுறல. கவுறுதான் அறுந்திச்சி. இது வெயிலுக்கு ஆவாத கவுறு. தெரிஞ்சேதான் குடுத்தேன். ஸ்பெஷலுன்னு பொய்யும் சொன்னேன். அன்பு மேல தப்பே இல்ல."

அவர் கயிற்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். வலது கை முழுசாக விரியவில்லை. அப்படியும் ஒரு இழை பொட்டென்று ஒடிந்தது.

"கவுறுதான் அறுந்திச்சின்னு எப்பத்துலருந்து தெரியும்?"

"ஆகஸ்டுலருந்து."

"கீழ யாரு நிப்பாங்கன்னு ஊர்ல எல்லாரையும் கேப்பியாமே. என் தம்பிய கேட்டியா?"

"கேக்கல."

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எழுந்து பக்கத்திலிருந்த அன்பு வீட்டு வாசலுக்குப் போய், "அன்பு, நாளைக்குக் காலைல வந்துடு. உன் முடிச்சு அவுறல. கவுறுதான் அறுந்துகீது. உன் அண்ணி குடுத்த கவுறுதான்" என்றார். திரும்பிப் போய் மறுபடி மிதவை கோக்க உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் உள்ளே போனோம். ஜெனிபர் அக்காவையே பார்த்தாள், தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அன்பு ஜன்னலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். அந்த ஜன்னலை அப்போதுதான் நான் பார்த்தேன். கம்பிக்குக் கம்பி கயிற்றுத் துண்டுகள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி முடிச்சு. அறுபது எழுபது இருக்கும்.

"பசங்க போட்டது இல்லியா?" என்றாள் ஜெபாக்கா மெதுவாக.

"நான் போட்டது அண்ணி. அஞ்சு மாசமா தெனம் காலைல ஐஸுக்குப் போறதுக்கு முன்னாடி போட்டுப் போட்டுப் பாத்துகினு இருந்தேன். எங்க தப்பு பண்ணன்னு தெரியல. கவுத்த புடிச்சி தொங்கிகூட பாத்தேன். ஒண்ணும் அவுறல." பக்கத்தில் தொங்கிய ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தான். "அப்பக்கூட எனக்கு உன் கவுறு மேல சந்தேகம் வரல."

ஜெபாக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. நானும் தேற்றவில்லை, எனக்கு அந்த யோக்கியதை இல்லை. அழுது முடித்துவிட்டு, ஜன்னலிடம் நகர்ந்துபோய் ஒரு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அது அசையவில்லை. நகத்தால் நோண்டினாள், பல்லால் கடித்து இழுத்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுப்பும் வரைக்கும் அவளால் ஒன்றே ஒன்றைத்தான் அவிழ்க்க முடிந்தது.