சித்தப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்தபோது

சித்தப்பாவின் கம்ப்யூட்டர் பார்வைக்கு ஒரு தடித்த விசைப்பலகை, அவ்வளவுதான். சிங்கப்பூர் வேலையை விட்டு வாலாஜாபாத்துக்கே திரும்பியபோது கொண்டுவந்தார். டீவிக்கு ஒரு வயர், டேப்ரெக்கார்டருக்கு ஒரு வயர். கேசட் ஓடி முடிந்தால் திரையில் எழுத்து வரும். அவர் வீடு எங்கள் தெருவிலேயே இருந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. அதனுடன் வந்த புத்தகத்திலிருக்கும் புரோகிராமைப் பார்த்து அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்வேன். ஒருநாள் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நானே ஒரு முழுப் பக்கத்தை அடித்து முடித்திருந்தேன். அவர் திரையையும் என்னையும் பார்த்துவிட்டு டீவியை அணைத்தார். அடுத்த வாரம் கம்ப்யூட்டர் நின்றுபோனது. திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மட்டும் வந்தன.

"அந்தப் பொண்ணு கை வெச்சதுலேருந்துதான் இப்படி" என்று எல்லோரிடமும் சொன்னார். என்னிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அதன்பின் நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் என் கைகளைத்தான் பார்ப்பார். பேச்சோடு பேச்சாக எழுந்து ரேடியோவை அலமாரியின் மேல்தட்டில் வைப்பார். எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை.

இப்போது சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், லைனில் ஃபெயிலாகி வரும் சர்க்யூட் போர்டுகளைச் சரிசெய்கிறேன். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது தினமும் கைகளை விரித்து நிற்க வேண்டும். செக்யூரிட்டிப் பெண் தடவிப் பார்த்துத்தான் விடுவாள். மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது.

போன வருடம் சித்தப்பா இறந்தார். அவருடைய சாமான்களை ஒழித்தபோது சித்தி அந்தக் கம்ப்யூட்டரை என்னிடம் நீட்டி, "உனக்குத்தான் இதெல்லாம் தெரியும், எடுத்துக்கினு போ" என்றாள். பென்னலூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். அடியிலிருந்த திருகுகளில் ஒன்றின் தலை, கத்திமுனையால் சுரண்டியதுபோல் சிதைந்திருந்தது. உள்ளே ஐசி என்கிற கறுப்புச் சிப் ஒன்று இருக்க வேண்டிய சாக்கெட் காலியாக இருந்தது. பூரான் போல இரண்டு பக்கமும் கால் வைத்து இறுகப் பிடித்திருக்கும் ஐசி தானாகக் கழன்று விழாது. யாரோ எடுத்திருக்கிறார்கள். அவரைத் தவிர வேறு யார்? நான் அவரை முந்தியது பொறுக்காமல், இனி நான் தொடவே கூடாது என்று அவரே பிடுங்கிவிட்டுப் பழியை என் மேல் போட்டிருக்கிறார். செத்தவர் மேல் அந்த ஒரு மாதம் முழுக்கக் கோபமாக இருந்தேன். பழைய பாகங்கள் விற்பவர் ஒருவரிடம் தேடி அதே ஐசியை வாங்கிப் பொருத்தினேன். ஓடியது.

அதை வாலாஜாபாத்துக்கு எடுத்துப்போனேன். சித்தியிடம் காட்டத்தான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவருடைய படத்துக்கு முன்னாலேயே அதை ஓடவைக்க வேண்டும் என்றிருந்தது. பழைய டீவியில் மாட்டினேன், எழுத்து வந்தது. சித்தி ஆச்சரியப்படவில்லை.

"அந்தப் பூரான் மாதிரி கீதே, அது புதுசு வாங்கிப் போட்டியா?"

ஐசி காணாமல் போனதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"சித்தி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் முந்தானையால் விசைகளைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "அத்தினி வருசம் கழிச்சி வூட்டுக்கு வந்த மனுசன், பொழுதன்னிக்கும் இதும் முன்னாடியே குந்திக்கினு இருந்தாரு. என்னாண்ட ரெண்டு வார்த்த கெடையாது. அவரு தூசி தட்டத் தெறக்கசொல்ல பாத்துக்கினே இருந்தேன். ஒருநாள் நானே தெறந்து புடுங்கி, கெணத்துல போட்டுட்டேன். உன்ன சொல்லுவாருன்னு நெனைக்கல. சொன்னப்புறம் எனக்கு வாய் வரல."

"அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியாதா?"

"பத்து வருசத்துக்கு முன்ன சொன்னேன். ரெண்டு நாள் சோறு துன்னல. அப்பறம், அந்தப் பொண்ண பாத்துட்டு வரேன்னு கெளம்பினாரு."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் பென்னலூருக்கு வந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். "நல்லா பண்ணுவ நீ" என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். அவர் தெருமுனை தாண்டும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து என் கணவரிடம், "இந்த மனுஷன் சும்மா வர மாட்டார், ஏதோ காரியமாத்தான் வந்திருக்கார், உஷாரா இருங்க" என்றேன்.