தோல்வியை முதல் பக்கத்தில் எழுதியவர்

எபினேசர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் மதுராந்தகத்தில் ஓர் ஆய்வுக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த செவிலியர் கைபேசியை நீட்டிக் காட்டினார். மாரடைப்பு. கூட்டம் அப்படியே எழுந்து நின்றது. பிற்பகலில் எல்லோரும் அவருடைய ஊரான செய்யூருக்குப் போனோம். தெரு கொள்ளாத கூட்டம். சவுக்கு வெட்டுகிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அங்கே நின்று நான் முதலில் நினைத்தது, எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்பதைத்தான். அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு ஓர் அஞ்சலி எழுத மனம் வரவில்லை.

சுகாதாரத் திட்டங்களை வகுக்கும் மாவட்டப் பிரிவில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் மேற்படிப்பு முடித்து வந்தவன். அவர் கொசு ஒழிப்பில் தொடங்கி, தெருத்தெருவாக நடந்து, சுகாதார ஆய்வாளராகி அங்கே வந்து சேர்ந்தவர். திட்டம் எழுதுவதைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன்.

மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவக் குப்பங்களில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுக்கும் திட்டம் என்னுடையது. படகுகள் கரையேறும் நேரத்தில் மணலிலேயே மேசை போட்டுப் பரிசோதித்தோம். மாதாமாதம் மாத்திரை வீடு தேடிப் போனது. என் அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அதை மதிப்பீடு செய்ய எபினேசரை அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். அவர் படிவத்தைக் கையில் எடுக்கவேயில்லை. ஒவ்வொரு வீட்டிலும் போன மாதத்து மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னார். பாதி வீடுகளில் அட்டை பிரிக்கப்படாமலே இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு ஒரு பெண் சொன்னார்: "கடலுக்குப் போற நாள்ல இத்தப் போட்டா தல சுத்துதுன்றாரு சார். நடுக்கடல்ல வுழுந்தா யாரு பாக்கறது? அதான் அப்டியே கீது."

அத்தனை மாதங்களில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"மாத்திர வூட்டு வரிக்கும் பூட்ச்சி மச்சான். வயித்துக்குப் போவல" என்றார் எபினேசர், திரும்பும் வழியில். அறிக்கையிலும் அதையே எழுத்துத் தமிழில் எழுதினார். மேலதிகாரியிடம் கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. மருத்துவர் மாத்திரையையும் வேளையையும் மாற்றிக் கொடுத்த பிறகு அட்டைகள் காலியாகத் தொடங்கின. அதற்கும் அவர்மீதுதான் எனக்கு ஆத்திரம்.

பிறகு என் முறை வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதிகளில் இரத்தசோகைத் திட்டத்தை அவரிடம் கொடுத்தார்கள். குப்பத்தில் செய்ததை அப்படியே செய்யச் சொன்னபோது அவர் மறுத்தார். ஷிப்டு மாறி மாறிப் போகிறவர்களை அறை தேடிப் போய்ப் பயனில்லை, சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துக் கொடுக்கலாம் என்றார். அதை மதிப்பிடும் வேலை எனக்கு. குறை தேடியே போனேன். மூன்றாம் நாள் கிடைத்தது. ஒரு விடுதியில் இரவு ஷிப்டுப் பெண்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கே வருவதில்லை. அவர்களுக்கு ஒரு மாத்திரைகூடச் சேரவில்லை. சந்தோஷமாக அலுவலகம் திரும்பி, அவர் அனுப்பியிருந்த அறிக்கையைத் திறந்தேன். முதல் பக்கம், முதல் பத்தி: அதே விடுதி, அதே பெண்கள், தன் கணிப்பு தவறிப்போன விதம்.

"தோத்தத மொதப் பக்கத்துல போட்டுடு மச்சான். அப்பத்தான் மீதிய நம்புவாங்க" என்றார். தன் குறையைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை அவர்.

அதன் பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மற்ற மாவட்டத்தாருக்குப் பயிற்சி தர ஓர் ஆள் வேண்டும், எபினேசர் எப்படி என்று மேலிடத்திலிருந்து என்னைக் கேட்டார்கள். நல்ல மனிதர், ஆனால் ஆவணங்களை ஒழுங்காக வைக்கமாட்டார் என்றேன். பொய்யில்லை. ஆனால் உண்மைக்காகச் சொன்னதுமில்லை. அந்தப் பணி எனக்கு வந்தது. ஊர் ஊராக நின்று, அவரிடம் கற்றதை என்னுடையதுபோலப் பேசினேன்.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி சுகந்தியிடம் இதைச் சொன்னேன். எபினேசருக்கு அது முன்பே தெரியும், யாரோ அப்போதே வந்து சொல்லிவிட்டார்கள் என்றார். "கோவமே படல அண்ணே. அவன் சொன்னது நெசந்தான, என் மேஜய நீ பாத்ததில்லியேன்னு சிரிச்சாரு." மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு அங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

அவருடைய அன்பையும் பொறுமையையும் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவை உங்களிடமே இருக்கட்டும். என்னிடம் மிஞ்சியிருப்பது அவர்மீதான பொறாமைதான். அது கொஞ்சமும் குறையவில்லை. எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்தியதெல்லாம் அவர் கண்ணில் படுமே என்றுதான். நேற்று ஓர் அறிக்கையை முடித்தேன். இனி அதில் குறை கண்டுபிடிக்க ஆளில்லை என்று தெரிந்தும் அனுப்ப மனம் வரவில்லை. இன்று காலை, அறிக்கையில் எழுதிய அந்த ஊருக்கே, குறையை நானே தேடிப் பார்க்க மறுபடி பேருந்து ஏறினேன்.