மூன்று நடை, மீதி இரண்டு

அன்று மரக்காணம் உப்பளத்தில் இருந்தவர்கள்: மேஸ்திரியான நான். என் மனைவி. ஐந்து மாதக் கர்ப்பிணியான அவள் தங்கை. தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். கூலிக்கு வந்த பெண்கள் இருபத்திரண்டு பேர். படகுக்காரரை இதில் சேர்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஐப்பசி. மழையில் கரையாமல் உப்புக் குவியலைக் கீற்றால் மூட ஓடையைத் தாண்டிப் போயிருந்தோம். காலையில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போனோம். மத்தியானம் மேற்கே ஏதோ ஏரி உடைந்ததாம். ஓடையில் ஆள் முழுகும் தண்ணீர்.

மூட்டை ஏற்றுகிற படகு வந்தது. படகுக்காரர் போக எட்டுப் பேர் ஏறலாம்.

"எத்தினி நடை மேஸ்திரி? தண்ணி ஏறிக்கினே இருக்குது. கணக்கா சொல்லு" என்றார் படகுக்காரர்.

நான் நாலாவது வரை படித்தவன். இருபத்தாறை எட்டால் வகுத்தேன். "மூணு நடைண்ணா" என்றேன்.

எங்கள் உப்பளத்தில் நாலு கூடை ஒரு மூட்டை. கடைசியில் ஒரு கூடை, இரண்டு கூடை மிஞ்சினால் குவியலிலேயே திரும்பக் கொட்டிவிடுவோம். அன்றைய கணக்கில் வராது. பதினோரு வருஷம் அப்படித்தான் எண்ணினேன். வாயில் அதுதான் வந்தது.

முதல் நடையில் நான் இக்கரைக்கு வந்து கயிறு பிடித்தேன். நடைக்கு ஒரு கோடு மண்ணில் கிழித்தேன், மூட்டைக்குக் கிழிப்பதுபோல. மூன்றாவது கோடும் போட்டாயிற்று. படகுக்காரர் படகை மேலே இழுத்துக் கட்டினார்.

"மேஸ்திரி, உம் பொண்டாட்டி எந்த மூட்டையில வந்தா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் இல்லை.

தங்கை சொன்னாள்: "அக்கா என்னை ஏத்திவுட்டுட்டு, அடுத்த நடையில வர்றேன்னிச்சு மாமா."

எதிர்க்கரையில் குவியல் பக்கம் இரண்டு பேர். அவளும் பெரியவரும். வரப்பு முழுகிவிட்டது.

"இன்னொரு நடை போவணும்ணா."

"மூணுன்னு நீதானே சொன்ன? இந்த வேகத்துல கழி நிக்காது."

"மீதி ரெண்டு இருக்குது."

"மீதியா? ஆளுய்யா அது!"

நான் முடிச்சை அவிழ்த்தேன். அவர் திட்டிக்கொண்டே ஏறினார். நானும் ஏறி இன்னொரு கழியை ஊன்றினேன். இரண்டு முறை கழிக்குத் தரை எட்டவில்லை. படகைக் கடல் பக்கம் இழுத்தது. குவியலைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் கரை பிடித்தோம். அவர்கள் இடுப்புத் தண்ணீரில் நடந்து வந்தார்கள். பெரியவர் கையை அவள் விடவில்லை.

படகில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "எங்கள குவியல்லயே கொட்டிட்டியா?"

நான் கழியை ஊன்றினேன்.

கரைக்கு வந்து எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்தேன். கோடு போடவில்லை. ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். என்னையும் சேர்த்து.

இருபத்தாறு.